அவர் ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை

"அப்பா, இதை எழுதினது யாரு?"

மகள் பேப்பரை மடித்து, ஐந்தாம் பக்கத்து மூலையில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். பத்திரிகைத் துணையாசிரியரான அப்பா பல் துலக்கும் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலே எட்டிப் பார்த்தார். நான்கு வரிச் செய்தி. நின்றிருந்த கார் மீது சைக்கிளில் வந்த பல் மருத்துவர் மோதி விழுந்தார் என்று இருந்தது. தோளிலும் வாயிலும் காயம். பேர், வயது, விலாசம் எல்லாம் போட்டு, கடைசியில், 'அவர் ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை' என்று முடிந்திருந்தது.

"நான்தான் எழுதினேன். நாலு வரிதானேம்மா, அதுல என்ன?"

"பேரைப் படிங்க."

படித்தார். பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் தம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் தகப்பனார் என்று அச்சாக வேண்டிய பேர் அது.

"நம்ம சம்பந்தியா?"

"இன்னும் ஆகல. இதைப் படிச்சப்புறம் ஆவாரான்னும் தெரியல," என்று அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஐயையோ, மனுஷன் எப்படி இருக்கார்?"

"அதைக் கேக்கத் தோணுச்சே, அதுவரைக்கும் சந்தோஷம்."

"தோள்ல கட்டு. முன்பல்லு ரெண்டு போச்சு," என்றாள் மகள். "அதைக்கூடத் தாங்கிக்கிட்டார்ப்பா. ஆனா அவர் ஹெல்மெட் போட்டிருந்தார். அவர்தான் ஊர்ல ஹெல்மெட் சங்கத் தலைவர்ங்கறது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ஊருக்கே தெரியும். பல் பிடுங்க வந்தவர்களை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, அவர்களால் பதில் பேச முடியாத அந்த நேரமாகப் பார்த்து ஹெல்மெட்டின் அருமை பெருமைகளை எடுத்துச் சொல்பவர் அவர். தெருமுனைக் கடைக்குப் போனாலும் மஞ்சள் ஹெல்மெட் இல்லாமல் சைக்கிளில் ஏறமாட்டார்.

ஆனால் துணையாசிரியர் பேரைப் பார்த்தா எழுதினார்? அலுவலகத்தில் அவருக்குக் 'கடைசி வரி' என்று பட்டப்பெயர். சைக்கிள் விபத்துச் செய்தி எது வந்தாலும் அதன் வாலில் 'அவர் ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை' என்று சேர்த்து அனுப்புவது அவருடைய வழக்கம். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அந்த வரி இருந்தால்தான் செய்தி முடிந்த மாதிரி அவருக்குத் தோன்றும். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு விசையைத் தட்டினால் வரி முழுசாக வந்து விழும்படி ஏற்பாடு செய்து வைத்திருந்தார். நாய் துரத்தி வாய்க்காலில் விழுந்தவர், கணுக்கால் சுளுக்கிக்கொண்டவர் என்று ஒருவரையும் அந்த விசை விட்டுவைத்ததில்லை. ஒருமுறை சைக்கிளைத் திருடிக்கொண்டு ஓடியவன் பற்றிய செய்தியிலும் தட்டிவிட்டார். அவனைப் பிடித்த போலீஸ்காரர் போன் செய்து, "ஆமா சார், போடல. அதையும் கேஸ்ல சேத்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

"நேத்து லேட்டாப் போனேன். அவசரத்துல நடந்து போச்சு," என்றார் துணையாசிரியர்.

"என்னால லேட்டுன்னு சொல்லிக்காட்டுங்க," என்று மனைவி வெளியே வந்தாள். "ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுல தேதி குறிக்க வர்றாங்களே, நல்ல சட்டையாப் போட்டுப் பாருங்கன்னு சொன்னது ஒரு குத்தமா? அது கிடக்கட்டும். நேத்து எடுத்துட்டுப் போன குடை எங்க?"

"குடையா?"

"எங்க அண்ணன் குடுத்த குடை. வளைஞ்ச பிடி போட்டது."

துணையாசிரியர் யோசித்தார். சட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் பஸ் போய்விட்டது. வீட்டு வாசலிலேயே வாடகைக் கார் பிடித்தார். கார் நின்றதும் நிற்காததுமாக இறங்கி, அலுவலகப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி, வழியில் கேன்டீனில் தலையைக் காட்டி ஒரு காபி சொல்லிவிட்டு, நாற்காலியில் போய் விழுந்தார். கீழே தெருவில் ஏதோ கூச்சலாக இருந்தது. எவன் எவனோடு சண்டையோ என்று அலுத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார். கொஞ்ச நேரம் கழித்துக் குற்றச் செய்தி நிருபர் போனில் கூப்பிட்டு இந்த நான்கு வரியைச் சொன்னார். இதில் குடை எங்கே வருகிறது?

"கேன்டீன்ல இருக்கும்."

"இருக்கும் இருக்கும். முதல்ல டாக்டருக்குப் போன் போடுங்க."

போட்டார்.

"ஓ, பத்திரிகைக்காரரா?" என்றார் பல் டாக்டர். முந்தின வாரம் வரை 'சம்பந்தி' என்று கூப்பிட்ட வாய் அது. இப்போது முன்பல் போன இடைவெளியில் காற்றும் கோபமும் சேர்ந்து வந்தன. "நான் ஹெல்மெட் போடலன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலைங்க. அது வந்து... வழக்கமாப் போடற வரி."

"விழுந்தது உங்க ஆபீஸ் வாசல்ல சார்! மேலேர்ந்து எட்டிப் பாத்திருந்தாலே என் ஹெல்மெட் தெரிஞ்சிருக்கும். உங்க ஆளு என்னடான்னா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு விசாரிச்சிருக்கார்!"

துணையாசிரியருக்கு வியர்த்தது. ஜன்னலைச் சாத்திய கை தம்முடையது என்பதை எந்த ஜென்மத்திலும் யாரிடமும் சொல்வதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினார்.

"நான் விழுந்தது எப்படின்னா—"

"அதெல்லாம் அப்புறம் இருக்கட்டும் டாக்டர். நாளைக்கே திருத்தம் போட்டுடறேன்."

"போடுங்க. என் மானம் திரும்பி வந்தாத்தான் நாங்க ஞாயித்துக்கிழமை வருவோம்."

மகள் பக்கத்தில்தான் நின்றாள். பேப்பரை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அலுவலகத்தில் ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"திருத்தமா? இந்தப் பத்திரிகை ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரே ஒரு திருத்தம்தான் போட்டிருக்கோம். அதுவும் செத்துப்போயிட்டார்னு நாம போட்ட ஆள் நேர்ல வந்து இங்க உக்காந்துட்டதால."

"சார், என் பொண்ணு கல்யாணம் சார்."

"அதுக்காகத் தப்புன்னு ஒத்துக்கறதா? புதுச் செய்தியா எழுதுய்யா. அவர் ஹெல்மெட் போட்டிருந்தார்னு நமக்கு இன்னிக்குத்தான் தெரிய வந்துச்சு. அவ்வளவுதானே?"

துணையாசிரியருக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. உட்கார்ந்து பாசத்தோடு எழுதினார். செய்தி நாலு பக்கமும் கோடு போட்டுப் பெட்டி கட்டி, போன தடவையை விடப் பெரிய எழுத்தில் வந்தது. 'ஹெல்மெட் அணிந்திருந்தும் பல் மருத்துவர் காயம்.'

மறுநாள் ஊரில் ஹெல்மெட் வேண்டாம் என்கிற கூட்டத்துக்குக் கொண்டாட்டம். பார்த்தீர்களா, சங்கத் தலைவருக்கே அது உதவவில்லை என்று சைக்கிள் நிறுத்துமிடங்களில் எல்லாம் இதே பேச்சு. டாக்டர் போய்ப் பேசிவிட்டு வந்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கேட்டில் வரிசையாக மாட்டிவிட்டு, "டாக்டரே விழுந்துட்டார், எங்களுக்கு எதுக்கு?" என்று வாத்தியாரைக் கேட்டார்களாம். உண்மையைத் துணிந்து சொன்னதற்காக யாரோ ஒரு புண்ணியவான் டாக்டருக்குப் பூங்கொத்து அனுப்பியிருந்தார்.

"இத்தனை வருஷமாக் கட்டி வளத்த சங்கத்தை ஒரே தலைப்புல கவுத்துட்டீங்களே சார்!" என்று போனில் கத்தினார் டாக்டர். "நான் அந்தக் கார்ல—"

"டாக்டர், டாக்டர், ஒரு நிமிஷம். உங்க ஹெல்மெட்டை ஒரு படம் எடுத்து, 'உயிர் காத்த ஹெல்மெட்'னு போட்டுடறேன். ஒரேயடியா எல்லார் வாயும் அடைஞ்சுடும்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. ஹெல்மெட் வந்து சேர்ந்தது.

அலுவலகப் போட்டோகிராபர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "என்னண்ணே இது? ஒரு கீறல்கூட இல்ல. கடைலேர்ந்து இப்பத்தான் வாங்கின மாதிரி இருக்கு. உயிரைக் காப்பாத்தினதுன்னா ஜனங்க நம்ப வேணாமா?"

"அவர் வாய்ல அடிபட்டு விழுந்திருக்கார். தலை தப்பிச்சுது."

"அதெல்லாம் படத்துல தெரியாதுண்ணே. ஒரு சின்ன விரிசலாவது வேணும். குடுங்க இப்படி."

மேசை விளிம்பில் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. சுவரில் மோதினார். சுவரில் காரை பெயர்ந்தது. "நல்ல சரக்குண்ணே," என்று பாராட்டிக்கொண்டே மொட்டை மாடிக்குப் போய் அங்கிருந்து கீழே விட்டார். சத்தம் கேட்டு எல்லாரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். ஹெல்மெட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. அது விழுந்த இடத்தில் ஆசிரியரின் கார் கூரைதான் சட்டி மாதிரி குழிந்திருந்தது.

துணையாசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். போட்டோகிராபர் அசரவில்லை. மூலையிலிருந்த சைக்கிள் கடைக்குப் போய், நடுவில் பிளந்துபோன ஒரு பழைய ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்தார். "ஹெல்மெட்டுன்னா எல்லாம் ஒண்ணுதானேண்ணே. கறுப்பு வெள்ளைல யாருக்குத் தெரியப்போகுது?"

அன்று பார்த்து அந்தப் பக்கம் கலரில் அச்சானது.

"வாத்து!" என்றாள் மனைவி காலையில் பேப்பரைப் பிரித்ததும்.

"என்ன வாத்து?"

"ஹெல்மெட்ல வாத்துப் படம் போட்டிருக்கு. ரோஸ் கலர் வேற. ரெண்டு பக்கமும் ரிப்பன் தொங்குது."

அது ஏதோ ஒரு சின்னப் பெண்ணின் ஹெல்மெட். அதற்குக் கீழே, 'ஐம்பத்தெட்டு வயதுப் பல் மருத்துவரின் உயிரைக் காத்தது இதுதான்' என்று துணையாசிரியரே ரசித்து எழுதிய வரி இருந்தது.

இந்த முறை டாக்டர் போன் செய்யவில்லை. அவர் மகன் செய்தான். "அங்கிள், அப்பா அறைக் கதவைச் சாத்திக்கிட்டார். முன்பல் கட்ட இன்னொரு பல் டாக்டர்கிட்டத்தான் போயாகணும். அங்க உக்கார்றதே அவருக்குக் கௌரவக் குறைச்சல். இப்ப அந்த டாக்டர் அப்பா வாயைத் திறந்து வெச்சு, 'வாத்து நல்லாருக்கா'ன்னு கேக்கறாராம்."

அதோடு விட்டிருந்தால் ஒருவேளை ஆறிப்போயிருக்கும். ஆனால் வாத்து ஹெல்மெட் ஊரெல்லாம் கைபேசிகளில் சுற்றி, டிவிக்காரர்கள் கண்ணில் பட்டுவிட்டது. 'ஹெல்மெட்: கவசமா, சுமையா?' என்று விவாதம் வைத்தார்கள். பல் டாக்டரைக் கூப்பிட்டார்கள், துணையாசிரியரையும் கூப்பிட்டார்கள். எல்லாரும் பார்க்கும்படி டாக்டருக்குப் பரிந்து நாலு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று துணையாசிரியர் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்னதாகவே போய் நின்றார்.

"ஆதரவு பக்கம் நிறைஞ்சு போச்சு சார்," என்றாள் நிகழ்ச்சி நடத்தும் பெண். "எதிர்ப்பு பக்கம் ஒரு ஆள் வரல. அங்க உக்காந்துக்கங்க."

"அம்மா, நான் எதிர்ப்பு இல்லம்மா."

"நாற்காலிதானே சார், எதுல உக்காந்தா என்ன?"

உட்கார்ந்தார். விளக்குகள் எரிந்தன. திரையில் அவர் முகத்துக்குக் கீழே 'ஹெல்மெட் எதிர்ப்பாளர்' என்று போட்டுவிட்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் ஹெல்மெட்டால் முடி கொட்டுகிறது என்று ஆரம்பித்தார். அவர் தலையில் கொட்டுவதற்கு ஒன்றும் பாக்கி இல்லை. எதிர்ப்பக்கத்தில் ஒருவர் மேசையைத் தட்டினார். நடுவில் பல் டாக்டர் தோள்கட்டோடு கையைத் தூக்க முடியாமல் தூக்கி, "நான் எப்படி விழுந்தேன்னு யாருமே—" என்றார்.

"அதுக்குத்தான் வர்றோம் டாக்டர். ஒரு சின்ன இடைவேளை."

இடைவேளை முடிந்து முடி கொட்டுவதற்கே திரும்பிப் போனார்கள். கடைசியில் அந்தப் பெண் துணையாசிரியர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. ஹெல்மெட்டை ஏன் எதிர்க்கறீங்க?"

"நான் எதிர்க்கவே இல்லைங்க."

"பாருங்க, நிகழ்ச்சியிலேயே கட்சி மாறிட்டார்!" என்று அவள் குதூகலிக்க, இரண்டு பக்கத்துக்காரர்களும் சேர்ந்து அவர் மேல் பாய்ந்தார்கள். அன்று மாலை அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் டிவி அணைந்திருந்தது. மகள் சோபாவில் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"அப்பா, எனக்கு அவனைப் பிடிச்சிருக்குப்பா. அவங்க அப்பாவையும் பிடிச்சிருக்கு. நல்ல மனுஷன். நாளைக்கு அவங்க வரலன்னா நான் உங்ககிட்ட சண்டை போடமாட்டேன். ஆனா எப்பவும் போலப் பேசவும் முடியாது. அவ்வளவுதான்."

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். இதற்கு என்ன செய்வது? எத்தனை பேருடைய விபத்தை எழுதியிருக்கிறோம், அவர்களுக்கெல்லாம் வீடு என்று ஒன்று இருந்திருக்குமே என்று முதல்முதலாக அவருக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. போனை எடுத்தார்.

"டாக்டர், திருத்தம் போடறேன்னு கூப்பிடல. படம் எடுக்கறேன்னும் கூப்பிடல. ஒரே ஒரு கேள்வி. நீங்க எப்படி விழுந்தீங்க? குறுக்கே பேசாமக் கேக்கறேன்."

டாக்டரின் குரல் தழுதழுத்து வந்தது.

"இந்த வாரம் பூரா இதை என்கிட்ட கேட்ட முதல் ஆள் நீங்கதான். போன்ல வேணாம். நாளைக்கு நேர்ல வந்து சொல்றேன்... சம்பந்தி."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். டாக்டர், அவர் மனைவி, மகன் மூன்று பேரும். டாக்டர் மஞ்சள் ஹெல்மெட்டோடு வந்து அதை மடியிலேயே வைத்துக்கொண்டார். புதுப் பல் இரண்டும் மற்றப் பற்களை விட வெள்ளையாக இருந்தன. மனைவி காபி கொண்டு வந்து வைத்தாள். மகள் வாசற்படி ஓரமாக நின்றுகொண்டாள். துணையாசிரியர் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நின்னுட்டிருந்த கார் மேல மோத நான் என்ன கண்ணு தெரியாதவனா?" என்று ஆரம்பித்தார் டாக்டர். "நான் பாட்டுக்கு ஓரமாப் போயிட்டிருக்கேன். முன்னாடி ஒரு கார் வந்து நிக்குது. பின்னாடி சீட்லேர்ந்து ஒரு ஆள், திரும்பிக்கூடப் பாக்காம, படார்னு கதவைத் திறந்தான். நேரா அதுல போய் அடிச்சேன். தூக்கி எறிஞ்சுது. அவன் பாட்டுக்கு ஓடறான் சார்! முதுகுதான் தெரிஞ்சுது. திறந்த கதவைச் சாத்தக்கூட இல்ல."

"அடப்பாவி!" என்றார் துணையாசிரியர், தாங்க முடியாமல்.

"டிரைவர் நல்ல மனுஷன். ஓடி வந்து என்னைத் தூக்கி ஆட்டோல ஏத்திவிட்டார். இறங்கினது யாருன்னு அவரைக் கேக்கணும்னு பாக்கறேன், வாய் பூரா ரத்தம். பேச முடியல. அப்புறம் என்னைப் பேச விட்டீங்களா யாராவது? எல்லாரும் என் தலையைப் பத்தியே பேசினீங்க. கதவைத் திறந்தவன் தலையைப் பத்தி ஒருத்தர் பேசல."

துணையாசிரியர் எழுந்து நின்றுவிட்டார். "தப்புதான் சம்பந்தி. என் தப்புதான். அந்தக் கடைசி வரியை இனிமே நான் எழுதமாட்டேன். நாளைக்கே அந்த விசையை மாத்தறேன். தட்டினா, 'கதவைத் திறந்தவர் பின்னால் பார்க்கவில்லை'ன்னு வரணும். அந்த மடையன் யாருன்னு கண்டுபிடிச்சு, முதல் பக்கத்துல பேர், வயசு, விலாசம், படம் எல்லாம் போடறேன். இது என் பொண்ணு மேல சத்தியம்!"

டாக்டரின் கண் கலங்கியது. கட்டுப்போடாத கையால் துணையாசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டார். "இது போதும் சம்பந்தி. வாத்தைக்கூட மறந்துட்டேன்."

மகள் சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு. காலண்டரை எடுத்து வந்தார்கள். எல்லாருக்கும் தோதான ஒரு நாளை டாக்டரின் மனைவி விரல் வைத்துக் காட்ட, துணையாசிரியரின் மனைவி அதைப் பேனாவால் வட்டமிட்டாள். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

துணையாசிரியர் இருந்த சந்தோஷத்தில் தாமே போய்க் கதவை விரியத் திறந்தார். காக்கிச் சட்டை போட்ட ஒரு நடுவயது ஆள் நின்றிருந்தார். கையில் வளைந்த பிடி போட்ட குடை.

"வணக்கம் சார். இந்த வீட்டுலதானே உங்களை ஏத்தினேன்? குடைய வண்டியிலயே விட்டுட்டு அவ்வளவு அவசரமா ஓடிட்டீங்க. மறுநாளே கொண்டாந்திருப்பேன் சார், கதவு நெளிஞ்சு வண்டி பட்டறையில கிடந்துச்சு."

"அப்பாடா, குடை கிடைச்சுடுச்சு!" என்று மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "கேன்டீன்ல விட்டேன்னு சொன்னீங்களே?"

துணையாசிரியர் கதவைச் சாத்தப் பார்த்தார். அதற்குள் டிரைவர் அவர் தோளுக்கு மேலாகக் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டார். தெரிந்த முகத்தைக் கண்ட சந்தோஷத்தில் அவர் முகம் மலர்ந்தது.

"அட, டாக்டர் ஐயாவும் இங்கதான் இருக்கீங்களா? இந்த சார் திறந்த கதவுலதானே அன்னிக்கு வந்து விழுந்தீங்க, நல்லவேளை, ஹெல்மெட் போட்டிருந்தீங்க!"